ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனா

கார் டெயில் லைட் ஃபியூஸ் புதுசு போட்ட கையோட போயிடுச்சுன்னா, மூணாவது ஃபியூஸை வீணாக்காதீங்க. ஃபியூஸுக்குப் பதிலா கம்பியைச் சுத்திப் போடவே போடாதீங்க, ஒயரிங் மொத்தமும் எரியும்.

எங்க வீட்டு 1996 மாருதி 800-ல நான் செஞ்சதைச் சொல்றேன். 12 வோல்ட், 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒண்ணுல ரெண்டு ஒயர் வச்சு, ஃபியூஸ் இருந்த இடத்துல மாட்டினேன். ஷார்ட் இருந்தாலும் ரெண்டு ஆம்பியருக்கு மேல ஓடாது, ஒயர் சூடாகாது. பின்னாடி இருக்கிற பல்பெல்லாம் கழட்டிட்டு லைட் சுவிட்சைப் போட்டேன். என் பல்பு முழு வெளிச்சத்துல எரிஞ்சது. அப்படின்னா எங்கேயோ ஒயர் உரசி, கரண்டு நேரா காரோட இரும்பு பாடிக்குப் போகுது, அதான் ஷார்ட்.

அப்புறம் பொறுமை வேணும். ஒருத்தர் பல்பைப் பாக்கணும், ஒருத்தர் ஒயரை அடி அடியா அசைக்கணும். எங்க அசைக்கும்போது பல்பு அணையுதோ, அங்கதான் ஷார்ட். தெப்பக்குளம் பக்கம் வேப்பமர நிழல்ல தம்பி பல்பைப் பாத்துக்கிட்டு இருந்தான். டிரைவர் பக்கக் கதவடி கார்ப்பெட்டைத் தூக்கினதும், "அண்ணே, அணைஞ்சிருச்சு!"ன்னான். கார்ப்பெட் மாத்தினவங்க அடிச்ச ஸ்க்ரூ ஒண்ணு ஒயரைத் துளைச்சு நின்னுச்சு. செம்புல பச்சை பூத்திருந்தது.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, வெட்டி, சால்டர் வச்சு, சூடு பட்டா சுருங்குற ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போட்டுச் சுருக்கினேன். வெறும் டேப் வேண்டாம். மதுரை சித்திரை வெயில்ல பசை உருகி அவுந்துடும்.