கண் நம்மிடம் மறைக்கும் வெளிச்ச வித்தியாசத்தைப் பிடிப்பது எப்படி?

ஜன்னல் ஓரம் ஒரு வெள்ளைத் தாள், அறை மூலையில் இன்னொன்று வையுங்கள். இரண்டுமே வெள்ளைதான் என்று கண் அடித்துச் சொல்லும். ஆனால் மூலைத் தாளிலிருந்து வரும் ஒளி பல நேரம் மற்றதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. உச்சி வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு), வீட்டுக்குள் சில நூறு லக்ஸ், இரண்டிலும் நாம் சாதாரணமாகப் புழங்குகிறோம் என்றால், கண் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு, எதையும் தனியாக அளக்காமல் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டே பார்ப்பதுதான் காரணம்.

எனவே பக்கத்தில் இருப்பதை மறைத்துவிடுவதுதான் வழி. சாம்பல் நிற அட்டையில் பென்சிலால் இரண்டு ஓட்டை போடுங்கள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டிப் பிடித்து, ஒரு ஓட்டையில் சுவரின் வெளிச்சமான இடமும் இன்னொன்றில் அதே சுவரின் நிழலான இடமும் மட்டும் தெரியும்படி பாருங்கள். 'ஒரே வெள்ளைச் சுவர்' காணாமல்போய் இரண்டு வேறு சாம்பல் நிறங்கள் நிற்கும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பார்வையை ஆராய்ந்த எட்வர்ட் ஏடெல்சன் 1995-ல் வெளியிட்ட சதுரங்கக் கட்டப் படத்திலும் இதைச் செய்யலாம்: நிழலில் இருக்கும் 'வெள்ளை'க் கட்டமும் வெளியே இருக்கும் கருப்புக் கட்டமும் அச்சு அசல் ஒரே சாம்பல். தெரிந்த பிறகும் ஏமாறுவோம், அது வேறு விஷயம்.

அட்டை இல்லையா, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நுணுக்கம் எல்லாம் மங்கி, வெளிச்சத் திட்டு எது நிழல் திட்டு எது என்பது மட்டும் மிஞ்சும். போன் கேமராவும் உதவும், ஆனால் எக்ஸ்போஷரை (கேமரா எடுத்துக்கொள்ளும் ஒளியின் அளவை) லாக் செய்யாவிட்டால் அதுவும் கண் மாதிரியே சரிசெய்துகொண்டு ஏமாற்றும்.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஜெர்மன் உடலியல் அறிஞர் எவால்ட் ஹெரிங் காட்டிய சோதனை. விளக்கடியில் வெள்ளைத் தாளில் விழும் டம்ளர் நிழலின் மங்கலான ஓரம் முழுக்க மறையும்படி தடித்த கருப்பு மார்க்கரால் சுற்றி வரையுங்கள். ஓரம் மங்கலாக இருந்ததால்தான் அதை நிழல் என்று நம்பினோம். இப்போது உள்ளே இருப்பது தாளில் மை கொட்டிய கறை போலத் தெரியும். டம்ளரை நகர்த்துங்கள், கறை கோட்டைத் தாண்டி வெளியே வந்து மறுபடி நிழலாகிவிடும்.