கருவாடு, கருப்பட்டி, குண்டு மிளகாய் பார்சல்: பிளாஸ்டிக்கை எங்கே குறைப்பது, எங்கே குறைக்கக் கூடாது

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன் பக்கம் கருவாடு, சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி, முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் குண்டு மிளகாய். வீட்டிலிருந்தே இவற்றை வெளியூருக்கு அனுப்பத் தொடங்குகிறவர்களை இரண்டு பக்கமும் நெருக்குகிறது. ஒரு பக்கம் பிளாஸ்டிக் விதிகள், மறு பக்கம் கூரியர் கட்டணம். இரண்டுக்கும் பயந்து பலர் முதலில் கை வைப்பது உணவைத் தொடும் உள் கவரில்தான். அது தப்பு. உள் கவர் கெட்டால் பொருளே போய்விடும். அதற்கு வெளியே இருப்பதில்தான் காசும் குப்பையும் அதிகம்.

இது உலர் பொருள்களுக்கான செய்முறை. ஐஸில் வைத்து அனுப்பும் மீனுக்குப் பொருந்தாது.

படி 1: எது தடை என்று தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்கில் 14 வகைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசின் தடையும் சேர்ந்துகொண்டது. கடைக்காரர்கள் அடிக்கடி சறுக்கும் இடங்கள் மூன்று.

“120 மைக்ரான் கேரி பேக்தானே, பரவாயில்லை” என்பது முதல் சறுக்கல். அந்த 120 மைக்ரான் கணக்கு (மைக்ரான் என்பது ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மத்திய விதியில் உள்ளது. மாநிலத் தடை தடிமன் பார்ப்பதில்லை; இங்கே பிளாஸ்டிக் கேரி பேக் எதுவும் கூடாது. இரண்டாவது, துணி போலத் தெரியும் நெய்யாத பை. அது பாலிபுரொப்பிலீன், பட்டியலில் இருக்கிறது. மூன்றாவது, இனிப்புப் பெட்டிகளின் மேல் இழுத்துச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். கருப்பட்டி மிட்டாய்ப் பெட்டிக்கு அழகுக்காகச் சுற்றுகிறவர்கள் நிறுத்திவிட வேண்டும்.

எடை போட்டு, சீல் வைத்து, லேபிள் ஒட்டிய பொட்டலம் வேறு கணக்கு. அதை 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் ஆள்கின்றன. ஆனால் மாநில அரசு முதலில் அதற்குக் கொடுத்திருந்த விலக்கை 2020 ஜூனில் இறுக்கிவிட்டது. ஆகவே பெயர் அச்சடித்த கவரை ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுக்கும் முன், மாதிரி ஒன்றை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிடுங்கள். அச்சடித்த பிறகு கேட்பது கப்பல் போன பிறகு துறைமுகத்துக்கு ஓடுவது மாதிரி.

உற்பத்தியாளரே பிளாஸ்டிக்கைத் திரும்பப் பெற வேண்டும் என்ற பொறுப்பு, பிராண்டு உரிமையாளர் என்ற அளவில் குறு, சிறு நிறுவனங்களுக்குக் கிடையாது. அதைக் காட்ட, இத்தகைய நிறுவனங்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.

படி 2: பொருள் எதற்குப் பயப்படுகிறது?

கருவாட்டிலுள்ள உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கத் தொடங்கும். நம் கரையில் விடிகாலையிலும் மழைக்காலத்திலும் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். கருப்பட்டியும் ஐப்பசி, கார்த்திகையில் இளகிக் கசிவது இதே குணத்தால்தான். மிளகாய்க்கு நேர்மாறான பயம்: உள்ளே ஈரம் மிச்சமிருக்கும்போது கவரில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

எனவே சரக்கு சரியாகக் காய்ந்திருக்க வேண்டும். மிளகாயைக் காதருகே வைத்து உலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். கருவாட்டை வளைத்தால், தடித்த நடுப்பகுதியில் விரலுக்கு ஈரம் தெரியக் கூடாது. வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு கவரில் போடாதீர்கள். கவருக்குள் வேர்த்து, அந்த நீரே கெடுக்கும். நிழலில் இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, நண்பகலுக்கும் மாலை நான்குக்கும் இடையில் அடையுங்கள். ஈரப்பதமானி ஒன்றைச் சுவரில் மாட்டி, 65 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது அடைத்தால் இன்னும் நல்லது.

படி 3: உள் கவர்

கருப்பட்டிக்கும் முழு மிளகாய்க்கும் வெறும் பாலிஎத்திலீன் கவர், 75 மைக்ரான், போதும். மதுரையிலும் ராமநாதபுரத்திலும் கடைகளில் கேஜ் கணக்கில் பேசுவார்கள்: 100 கேஜ் என்பது 25 மைக்ரான், ஆகவே 300 கேஜ் கேளுங்கள். உணவுத் தரத்துக்கு ஐ.எஸ். 10146 என்ற எண் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கொடுத்தது 300 கேஜ்தானா என்று அறியத் தராசு போதும். 20 × 30 செ.மீ. கவர் 75 மைக்ரானில் ஒன்று சுமார் 8.3 கிராம் இருக்கும். கிலோவுக்கு 120 கவர் வரும். 150 கவர் வந்தால் “கூடுதலாகக் கிடைத்தது” என்று மகிழ வேண்டாம். அது 60 மைக்ரான், 240 கேஜ்.

கருவாட்டுக்கு இந்தக் கவர் போதாது. பாலிஎத்திலீன் ஈரத்தைத் தடுக்கும், வாசனையைத் தடுக்காது. மறுநாளே பெட்டி மணக்கும், கூரியர் அலுவலகத்தில் திருப்பிக் கொடுப்பார்கள். நைலானும் பாலிஎத்திலீனும் சேர்ந்த வேக்யூம் கவர், 80 மைக்ரான் அளவில் வேண்டும். அடைக்கும் முன் வாளை, பாறை, சீலா மாதிரி மீன்களின் செதில்முள்ளையும் வால் நுனியையும் கத்தரித்துவிடுங்கள். காற்றை உறிஞ்சும்போது கவர் முள்ளின் மேல் இறுகி, ஊசி முனையளவு ஓட்டை விழும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியும். அரைகுறையாகக் காய்ந்த கருவாட்டை ஒருபோதும் வேக்யூம் போடாதீர்கள். காற்றில்லாத ஈரத்தில் நச்சு உண்டாக்கும் கிருமிகள் வளர இடம் உண்டு. இதில் சமரசம் கிடையாது.

இப்போது எல்லோரும் வாங்கும் பழுப்புக் காகிதப் பவுச் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னால் ஜன்னல், மேலே ஜிப், பார்க்க இயற்கையாக இருக்கும். கிழித்துப் பாருங்கள்: காகிதத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக், சிலவற்றில் அலுமினியம். பிரிக்க முடியாததால் பழைய பேப்பர்காரரும் எடுக்க மாட்டார், பிளாஸ்டிக் எடுப்பவரும் எடுக்க மாட்டார். விதியின் கண்ணில் இது பல்லடுக்குப் பிளாஸ்டிக். விலையும் வெறும் கவரைவிடக் கூட. பச்சை வேஷத்துக்குக் காசு கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

மக்கும் கவர் என்று விற்பதற்கு ஐ.எஸ்.ஓ. 17088 தரமும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் தேவை. இரண்டும் இருந்தாலும் கருவாட்டுக்கு வேண்டாம். இந்த வகைப் படலங்கள் பெரும்பாலும் பாலிஎத்திலீனைவிட ஈரத்தை அதிகம் உள்ளே விடும். நம் கடற்காற்றில் ஒரு வாரம் தாங்காது.

படி 4: சீல்

கை சீல் மிஷின் போடும் கோடு 2 மி.மீ. அகலம்தான். ஐந்து மி.மீ. தள்ளி இரண்டாவது கோடு போடுங்கள். சீல் விட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் மிஷினல்ல, வாய்ப்பகுதியில் ஒட்டிய உப்புத்தூளும் எண்ணெயும். கவரின் வாயை 5 செ.மீ. வெளியே மடித்துவிட்டு நிரப்புங்கள், பிறகு மடிப்பைப் பிரித்து சீல் வையுங்கள். சுத்தமான ஓரம் கிடைக்கும். கோடு சுருங்கிக் கருகினால் சூடு அதிகம், உரித்தால் இரு தாளும் பிரிந்து வந்தால் குறைவு.

இருபதில் ஒன்றை எடுத்து வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வந்தால் அந்தத் தொகுப்பு முழுவதும் மறுபடி சீல்.

படி 5: நடு அடுக்கு

இங்கேதான் தாராளமாக வெட்டலாம். குமிழிக் கவர், தெர்மாகோல் துண்டு, உள்ளே இன்னொரு பிளாஸ்டிக் பை எதுவும் வேண்டாம். கருவாடு உடையாது, அதற்கு மெத்தை எதற்கு? கருப்பட்டிக்கு மட்டும் மெத்தை வேண்டும். சிரட்டையில் ஊற்றிய வட்டுகளைத் தட்டைப் பக்கம் ஒன்றோடொன்று பொருந்த இரண்டிரண்டாகச் சேர்த்தால் உருண்டு மோதாது. சுற்றிலும் கசக்கிய பழுப்புத் தாள்.

ஓலைக் கொட்டானும் ஓலைப் பெட்டியும் நம் ஊரின் சொந்தப் பேக்கிங். சீல் வைத்த கவரை அதற்குள் வைத்தால் பரிசுப் பொருளாக விலையும் கிடைக்கும். ஆனால் ஈர ஓலை பூஞ்சை பிடிக்கும், பழைய ஓலையில் பூச்சி இருக்கும். இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததை மட்டும் எடுங்கள். உணவை நேரடியாக ஓலையில் வைத்துத் தொலைதூரம் அனுப்ப வேண்டாம். ஊருக்குள் விற்க அது சரி. ஐந்து நாள் பயணத்துக்குச் சரிவராது.

படி 6: பெட்டி, அதாவது பணம்

பெரும்பாலான கூரியர்கள் இரண்டு எடை பார்ப்பார்கள்: தராசு எடை, பெட்டியின் பருமன் எடை. நீளம் × அகலம் × உயரம் செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் பருமன் எடை கிலோவில் வரும். எது அதிகமோ அதற்குத்தான் பில். வகுக்கும் எண் சில இடங்களில் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

அரைக் கிலோ பொட்டலம் இரண்டைக் கையில் கிடைத்த 30 × 22 × 15 பெட்டியில் வைத்தால் 9,900 வகுத்தல் 5,000, அதாவது 1.98 கிலோ. இரண்டு கிலோவுக்குக் கட்டணம். அதே சரக்கு 24 × 18 × 8 பெட்டியில் 0.69 கிலோ, இனித் தராசு எடைதான் முடிவு செய்யும். அரைக் கிலோ பொட்டலம் இரண்டு, கவர்கள் 20 கிராம், மூன்று பிளை (மூன்று அடுக்கு அட்டை) பெட்டி சுமார் 115, டேப்பும் லேபிளும் 10 என்று கூட்டினால் 1,145 கிராம். அரைக் கிலோ படிக்கட்டில் கட்டணம் ஏறும் கூரியரில் இது 1.5 கிலோ. பொட்டலத்தை 400 கிராமாக்கினால் மொத்தம் 945 கிராம், ஒரு கிலோவுக்குள் முடிந்துவிடும். 400 என்று லேபிளில் தெளிவாகப் போட்டு, விலையையும் அதற்கேற்ப வைக்க வேண்டும். அரைக் கிலோ விலையிலேயே 400 கிராம் விற்பது வேறு வேலை.

2025 செப்டம்பர் 22 முதல் நெளி அட்டைப் பெட்டிக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதே நாளில் பெட்டி செய்யும் தாளுக்கு 18 ஆனது. அதனால் பெட்டிக்காரர் விலையில் முழுக் குறைப்பையும் தரத் தயங்குவார். இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள்.

ஈரம் குடித்த அட்டை பாதி பலத்தை இழந்துவிடும். பெட்டிக் கட்டைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் வையுங்கள். மழை மாதங்களில் மட்டும் ஐந்து பிளை வாங்கலாம். காகித டேப் ஈர அட்டையில் நிற்காது, தூசி துடைத்து ஒட்ட வேண்டும். நடுக்கோட்டில் ஒன்று, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று.

படி 7: லேபிள்

பொருளின் பெயர், சேர்க்கைகள், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, கெடும் காலம், தயாரிப்பாளர் முகவரி, புகாருக்கான தொடர்பு, 14 இலக்க எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண் ஆகியவை வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்துக்கு ஒரு கிராம் விலையும் போட வேண்டும்: 400 கிராம் 320 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.80. கருவாட்டுக்கு அசைவக் குறி இப்போது சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம், பழைய வட்டமல்ல. மீன் ஒவ்வாமைப் பொருள் என்பதால் அதையும் தனியே சொல்ல வேண்டும். தமிழில் மட்டும் அச்சடித்தால் போதாது. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், கூடவே தமிழும் போடலாம்.

முகவரித் தாளை இங்க்ஜெட்டில் அடித்தால் சாரலில் கரையும். மேலே கண்ணாடி டேப் ஒட்டுங்கள். இந்த அளவு பிளாஸ்டிக்குக்கு யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

படி 8: சோதனை

முதல் பெட்டியை இடுப்பளவு உயரத்திலிருந்து பத்து முறை போடுங்கள்: ஒரு மூலை, அதில் சேரும் மூன்று விளிம்பு, ஆறு பக்கம். பிரித்துப் பார்த்து, கருப்பட்டி உடைந்திருந்தால் நிரப்பும் தாளைக் கூட்டுங்கள். பெட்டியைப் பெரிதாக்காதீர்கள், பருமன் எடை ஏறிவிடும்.

சீல் வைத்த பொட்டலம் மூன்றைக் கிராம் தராசில் நிறுத்து, எடையை மேலேயே எழுதி, ஜன்னலோரம் வெயில் படாத இடத்தில் ஏழு நாள் வையுங்கள். மறுபடி நிறுத்தால் எடை மாறாமல் இருக்க வேண்டும். மூன்றும் ஒரே மாதிரி இரண்டு மூன்று கிராம் கூடியிருந்தால் கவர் மெலிது. ஒன்று மட்டும் கூடியிருந்தால் அதன் சீலைப் பாருங்கள்.