கோடு கைமாறும் அந்த முப்பது நிமிடம்: கிஃப்ட் கார்டைக் கிரிப்டோவுக்கு விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் விற்ற முதல் கார்டு ஐம்பது டாலர் அமேசான் கார்டு. அமெரிக்காவில் ஒருவருக்குச் செய்து கொடுத்த சின்ன மொழிபெயர்ப்பு வேலைக்குக் கூலியாக வந்தது. அங்குள்ள அமேசானில் மட்டும்தான் செல்லும், இங்கே உள்ள கணக்கில் ஏறாது. பிட்காயின் போன்ற கிரிப்டோ காயினை ஆளுக்கு ஆள் நேரடியாக வாங்கி விற்கும் ஓர் இணையச் சந்தையில், கார்டுக்குப் பதில் காயின் என்று போட்டேன். வந்தவர் மரியாதையாகப் பேசினார். கார்டின் ரகசியக் குறியீட்டை, அதாவது கோடைக் கொடுத்தேன். "செக் பண்றேன், இரண்டு நிமிஷம்" என்றார். திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, நான் அதைக் கவனிக்கவில்லை. முப்பது நிமிடம் முடிந்ததும் ட்ரேட் தானாகவே ரத்தாகி, எஸ்க்ரோவில், அதாவது வியாபாரம் முடியும்வரை தளம் பூட்டி வைக்கும் இடத்தில், இருந்த காயின் அவருக்கே திரும்பிப் போய்விட்டது. கார்டும் அவரிடம்தான். நான் செய்யாமல் விட்டது ஒரே வேலை: 'பெய்டு' (கொடுத்தாயிற்று) என்ற பொத்தானை அழுத்தவில்லை.

இது என் அசட்டுத்தனம்தான். ஆனால் அந்தப் பொத்தான் குழப்பத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் மனசில் நாம் கார்டு விற்கிறோம், அதனால் பணம் கட்ட வேண்டியவர் எதிராளி. தளத்தின் பார்வை தலைகீழ். அங்கே சரக்கு என்பது கிரிப்டோ, நீங்கள் அதை வாங்க வந்தவர், உங்கள் கையில் உள்ள கார்டுதான் நீங்கள் கட்டும் பணம். எனவே கோடைக் கொடுத்த கையோடு 'பெய்டு' அழுத்த வேண்டியவர் நீங்கள்தான். அழுத்தினால் கடிகாரம் நிற்கும், எதிராளி தன்னிச்சையாகக் காயினைத் திரும்ப எடுக்க முடியாது, தகராறு வந்தால் தளத்தின் நடுவரான மாடரேட்டரைக் கூப்பிடலாம். அழுத்தாவிட்டால், தளத்தின் கணக்கில் நீங்கள் எதுவுமே கொடுக்கவில்லை.

நிலத்தை விற்றால் பத்திரம் இருக்கிறது, பதிவு இருக்கிறது, வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். கிஃப்ட் கார்டுக்கு அப்படி எதுவும் இல்லை. கோடைப் பார்த்த கண்ணே உரிமையாளர். கிரிப்டோவும் அப்படித்தான், ஒரு முறை போனால் திரும்ப வராது. திரும்பாத இரண்டு பொருள்களுக்கு நடுவில் உங்களைக் காப்பது எஸ்க்ரோ என்ற பூட்டும், உங்கள் கையில் உள்ள சான்றும் மட்டும். ஏமாந்தவர்களின் கதைகளைக் கேட்டுப் பாருங்கள். பூட்டு விழுமுன் கோடு வெளியே போயிருக்கும், அல்லது சான்று இருந்திருக்காது.

பூட்டுக்கு முன்னால் கோடு

'பேலன்ஸ் இருக்கா என்று மட்டும் பார்க்கணும்' என்பார்கள். கூடவே ஒரு லிங்க் வரும். கார்டு நிறுவனத்தின் பக்கம் போலவே லோகோ, நிறம், கட்டம் எல்லாம் இருக்கும். அதில் கோடைத் தட்டிய நொடியில் அது அவர்கள் கைக்குப் போய்விடும். ட்ரேட் திறக்கவே இல்லை என்பதால் தளமும் உதவாது. இதன் தம்பிதான் 'வாட்ஸப்புக்கு வாங்க, டெலிகிராமுக்கு வாங்க, அங்கே ரேட் இன்னும் கூட்டித் தர்றேன்' என்கிற அழைப்பு. மாடரேட்டர் படிப்பது ட்ரேட்டுக்குள் இருக்கும் உரையாடலை மட்டும். வெளியே பேசியது அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

கார்டின் பின்பக்கப் படம் கேட்டால், சுரண்டாத நிலையில் எடுத்ததை அனுப்புங்கள். சுரண்டிய படம் என்பது கார்டேதான். ஆப்பிள் கார்டில் எக்ஸ் எழுத்தில் தொடங்கும் பதினாறு எழுத்துகள், அவ்வளவுதான் மொத்தப் பணமும். மங்கலான படத்திலிருந்துகூட அதைப் படித்துவிடுவார்கள்.

இன்னொரு வகை, பூட்டு விழுந்த பிறகு நடப்பது. கோடைக் கொடுத்துவிட்டீர்கள், 'பெய்டு'ம் அழுத்திவிட்டீர்கள். எதிராளி வருத்தமான குரலில், "சிஸ்டத்தில் ஏதோ எரர், ரிலீஸ் ஆகமாட்டேங்குது. இந்த ட்ரேடைக் கேன்சல் பண்ணுங்க, புதுசா ஒண்ணு திறந்து அதில் விடுறேன்" என்பார். கேன்சல் செய்தால் பூட்டு திறந்து காயின் அவருக்குப் போகும். புது ட்ரேட் வராது. கோடைக் கொடுத்த பிறகு கேன்சல் பொத்தானைத் தொடவே கூடாது, கெஞ்சினாலும் மிரட்டினாலும்.

'உங்கள் காயின் ரிலீஸ் ஆகிவிட்டது' என்று தளத்தின் பெயரில் மின்னஞ்சல் வருவதும் உண்டு. அதை நம்பாமல் தளத்துக்குள் போய் உங்கள் வாலட்டில், அதாவது காயின் கணக்கில், எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆஃபரின் கீழே இருக்கும் பொடி எழுத்து

எதிராளி தளத்தில் போட்டிருக்கும் ஆஃபரில் பெரிதாக ஒரு ரேட் இருக்கும். கீழே நிபந்தனைகள்: ரசீது கட்டாயம், அட்டைதான் வேண்டும், இ-கோடு (மின்னஞ்சலில் வரும் கோடு) வேண்டாம், அமெரிக்கக் கார்டு மட்டும், நூறு டாலர் ஒற்றைக் கார்டு, நான்கு இருபத்தைந்து செல்லாது. படிக்காமல் ட்ரேடைத் திறந்து இ-கோடைக் கொட்டிவிட்டால், 'நிபந்தனையை மீறினாய்' என்று எதிராளி டிஸ்ப்யூட் (தகராறுப் புகார்) போடுவார். பல நேரம் மாடரேட்டர் அவர் பக்கமே சாய்வார். சிலர் இதற்காகவே நிபந்தனைகளைக் குண்டூசி அளவுக்கு எழுதி வைக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

நாடு முக்கியம். அமேசான், ஆப்பிள், கூகுள் ப்ளே கார்டுகள் எல்லாம் வாங்கிய நாட்டோடு கட்டுண்டவை. இந்திய ரூபாய்க் கார்டை அமெரிக்கக் கார்டு கேட்கும் ஆஃபரில் போட்டால் கோடு ஏறாது, பழி உங்கள் மேல் விழும்.

ரேட்டிலும் ஒரு சூட்சுமம். உதாரணத்துக்கு, நூறு டாலர் கார்டுக்கு டாலருக்கு 72 சென்ட் என்று ஒருவர் போட்டிருக்கிறார். கையில் 72 டாலர் வரும் என்று நினைப்போம். ஆனால் பிட்காயின் விலையை அவர் சந்தை விலையைவிட நூற்றுக்கு மூன்று கூட்டி வைத்திருந்தால், வரும் காயினின் உண்மை மதிப்பு எழுபதுக்குக் கொஞ்சம் கீழே. அதை வெளியே எடுக்க இரண்டு டாலர் கட்டணம் போனால் அறுபத்தெட்டு. நூறு டாலர் கார்டே இப்படி என்றால், பத்து டாலர் கார்டு விற்பவருக்குக் கட்டணம் போக டீச்செலவுக்குத்தான் மிஞ்சும். டாலர் கணக்கைப் பார்க்காதீர்கள். எத்தனை காயின் வருகிறது என்று பார்த்து, அதை வேறொரு எக்ஸ்சேஞ்சின் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளத்தின்) விலையால் பெருக்கிப் பாருங்கள்.

இந்தத் தள்ளுபடியைப் பார்த்த பிறகு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்காவில் அக்காவோ அத்தானோ இருந்தால் கார்டை அவர்களிடம் கொடுத்து ரூபாயை வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் வாரம் தவறாமல் அமேசானில் ஏதாவது வாங்கத்தான் போகிறார்கள். பெரும்பாலான கார்டுகளின் விதிமுறையும் மறுவிற்பனை கூடாது என்றே சொல்கிறது. விற்ற கார்டு முடக்கப்பட்டால் நிறுவனத்திடம் வாதாட உங்களுக்கு வழி இல்லை.

சான்று எப்படி எடுப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் டிஸ்ப்யூட்டில் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். ட்ரேட் திறந்து எஸ்க்ரோவில் காயின் விழுந்தது தெரிந்ததும் ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கைப் போடுங்கள். கார்டு வந்த மின்னஞ்சலைத் திறப்பது, தேதியும் தொகையும் தெரிவது, கோடைக் காப்பி செய்வது, ட்ரேட் உரையாடலில் ஒட்டுவது, 'பெய்டு' அழுத்துவது, எல்லாம் ஒரே ஓட்டத்தில் பதிவாக வேண்டும். வெட்டி ஒட்டிய வீடியோவுக்கு மதிப்பில்லை. கோடைக் கையால் தட்டாதீர்கள். பூஜ்ஜியமும் ஓ எழுத்தும் மாறிப்போய், 'தப்பான கோடு கொடுத்தான்' என்று ஆகிவிடும்.

அட்டையாக இருந்தால் கடை ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இதில் நம் ஆட்கள் செய்யும் தவறு, ரசீதைப் படம் எடுக்காமல் சட்டைப் பையில் வைத்திருப்பது. வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாள் நாளடைவில் வெளுத்துவிடும், எழுத்தே தெரியாது.

எதிராளி 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட கார்டு' என்று சொன்னால், அவர் கணக்கில் கோடைப் போடும் வீடியோவை நேரம் தெரியும்படி கேளுங்கள். ட்ரேட் உரையாடலிலேயே கேளுங்கள். நேர்மையானவர் அனுப்புவார். மற்றவர் பேச்சை மாற்றுவார், அந்த மழுப்பலும் மாடரேட்டர் கண்ணில் படும். இன்னொன்று, விற்கும் முன் 'சரியாக இருக்கிறதா பார்ப்போம்' என்று உங்கள் சொந்தக் கணக்கிலேயே ஏற்றிவிடாதீர்கள். ஏறிவிட்டால் கார்டு செத்தது, விற்க எதுவும் இல்லை.

எதிராளியின் நட்சத்திரங்களைப் பார்ப்பது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பார்ப்பது கெட்ட விமர்சனங்களை மட்டும், அதுவும் என்னுடையது போன்ற கார்டுக்கு வந்தவற்றை.

யாருடைய கார்டு இது?

'நான் கார்டு அனுப்புகிறேன், உன் கணக்கில் விற்று காயினைத் திருப்பி அனுப்பு, நூற்றுக்குப் பத்து உனக்கு.' வீட்டிலிருந்தே வேலை என்ற பெயரில் இப்படி வருகிறது. இதில் சேர்வதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. அமெரிக்காவில் வரித்துறை, போலீஸ், கம்ப்யூட்டர் பழுது என்று மிரட்டி வயதானவர்களைக் கடைக்கு ஓடவைத்து, கிஃப்ட் கார்டு வாங்கவைத்து, தொலைபேசியிலேயே கோடைப் படிக்கச் சொல்லும் கும்பல்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. அந்தக் கோடுகள் காசாக மாற ஓர் ஆள் வேண்டும், அது நீங்கள். கணக்கும் அடையாள அட்டையும் உங்கள் பெயரில், அவர்கள் பெயர் எங்கும் இருக்காது.

இந்தச் சந்தையின் வரலாறே இதற்குச் சாட்சி. 2015இல் தொடங்கிய பாக்ஸ்ஃபுல் என்ற தளம், கிஃப்ட் கார்டுக்குப் பிட்காயின் என்ற வியாபாரத்தால் நைஜீரியாவிலும் பிற ஆப்பிரிக்க நாடுகளிலும் பெரிதாக வளர்ந்தது. வங்கி வழியாக டாலர் கிடைப்பது கடினமாக இருந்த இடங்களில் அது பலருக்கு உண்மையாகவே பிழைப்பு. ஆனால் கறுப்புப் பணத் தடுப்பு ஏற்பாடுகளை ஒழுங்காக வைத்திருக்கவில்லை என்ற வழக்கில் அதன் இணை நிறுவனர் ஆர்தர் ஷாபாக் 2024இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அதே தளம் 2023 ஏப்ரலில் திடீரென்று வியாபாரத்தை நிறுத்தி, அடுத்த மாதம் மறுபடி திறந்தது. அதற்குச் சற்று முன், பிப்ரவரியில், 2012 முதல் ஓடிய லோக்கல்பிட்காயின்ஸ் என்ற இன்னொரு தளம் வியாபாரத்தை நிறுத்திக்கொண்டது. இந்தியாவில் 2024 ஜூலையில் வஸிர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் களவுபோனது. விற்ற காயினைத் தளத்தின் வாலட்டிலேயே 'அப்புறம் எடுக்கலாம்' என்று விட்டுவைப்பவர்கள் இந்தத் தேதிகளைப் பார்க்கட்டும். எடுக்கும்போது, காயின் எந்த நெட்வொர்க் வழியாகப் போகிறது என்று சரிபாருங்கள். டாலர் மதிப்போடு கட்டிய காயினான யுஎஸ்டிடியை ட்ரான் வழியாக அனுப்பினால் முகவரி டி எழுத்தில் தொடங்கும், எத்தீரியம் வழியாக என்றால் பூஜ்ஜியமும் எக்ஸும். மாற்றி அனுப்பினால் மீட்பது பெரும்பாடு, பல நேரம் முடியவும் முடியாது. முதலில் சின்னத் தொகை ஒன்றை அனுப்பிப் பாருங்கள்.

ரூபாயாக மாறும் இடத்தில்

காயின் கைக்கு வந்துவிட்டது, கதை முடிந்தது என்று நினைப்போம். இந்தியாவில் இரண்டாம் பாதி இங்கேதான் தொடங்குகிறது. யுஎஸ்டிடியை யாரோ ஒருவருக்கு நேரடியாக விற்று யுபிஐயில் ரூபாய் வாங்குகிறீர்கள். அந்த ரூபாய் எங்கோ ஒருவரிடம் சைபர் மோசடியில் பறித்ததாக இருந்தால், அவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் புகார் செய்ததும் பணம் போன தடத்தில் உள்ள கணக்குகளில் எல்லாம் லீன் (அந்தத் தொகையை எடுக்க முடியாத தடை) விழும், சில நேரம் கணக்கே முடங்கும். புகார் வேறு மாநிலத்தில் இருக்கும். சம்பளக் கணக்கில் இதை வாங்கிக்கொண்டவர் வீட்டு வாடகை கட்ட முடியாமல் தவிப்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எனவே பெயர் பொருந்தாத கணக்கிலிருந்து பணம் வந்தால் ஏற்காதீர்கள், காயினை விடாதீர்கள். முடிந்தவரை நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவான எக்ஸ்சேஞ்சில் விற்பது நல்லது. 2023 மார்ச் முதல் இந்தப் பதிவு கட்டாயம். பதியாத வெளிநாட்டுத் தளங்களுக்கு அந்த ஆண்டு டிசம்பரில் நோட்டீஸ் போனது, அடுத்த மாதமே பல தளங்கள் இங்கே திறக்காமல் போயின.

வரியை மறப்பதும் ஒரு தவறு. கிரிப்டோவில் வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீத வரி, மேலே செஸ். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து 1 சதவீத டிடிஎஸ்ஸும் உண்டு. கார்டு உங்களுக்கு எவ்வளவுக்கு வந்தது என்று காட்ட முடிந்தால்தான் லாபம் எவ்வளவு என்று சொல்ல முடியும், ஆகவே அந்த ரசீதுப் படம் இங்கேயும் வேண்டும்.

இத்தனையும் மீறி ஏமாந்துவிட்டால் முதல் வேலை எதிராளியோடு சண்டை போடுவதல்ல. கார்டு நிறுவனத்தின் உதவி எண்ணை அதன் சொந்த இணையதளத்திலிருந்து எடுத்து, கோடும் ரசீதும் சொல்லி முடக்கச் சொல்லுங்கள். கோடு இன்னும் ஏற்றப்படாமல் இருந்தால் சில நேரம் தப்பும். கூடவே டிஸ்ப்யூட்டைத் திறந்து ரெக்கார்டிங்கைப் போடுங்கள். அடுத்து 1930. தேடுபொறியில் 'இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம்' என்று வரும் எண்களை அழைக்காதீர்கள். அவர்கள் கட்டணமாக முதலில் கேட்பது பெரும்பாலும் இன்னொரு கிஃப்ட் கார்டைத்தான்.