முயல்குட்டியின் பல்: கேரட்டில் தொடங்கும் தவறு

முயல் படம் வரையச் சொன்னால் பிள்ளைகள் பக்கத்தில் ஒரு கேரட்டையும் வரைந்துவிடுவார்கள். எங்கள் பெரம்பூர் வீட்டுக்குக் குட்டி வந்தபோது நாங்களும் அப்படித்தான் இருந்தோம். கேரட், குச்சித் தீவனம், இடையில் பிஸ்கட். ஒரு வருடம் கழித்து அதன் மோவாய் எப்போதும் ஈரமாக இருந்தது. தண்ணீர் குடித்த ஈரம் என்று துடைத்துவிட்டோம். ஜொள்ளு அது. முன்பல் அழகாகத்தான் இருந்தது. கீழ்க் கடைவாய்ப் பல் முள்ளாக வளர்ந்து நாக்கைக் குத்திக்கொண்டிருந்தது.

முயலுக்கு 28 பற்கள். நமக்குத் தெரிவது முன்னால் நான்குதான். மேல் இரண்டுக்குப் பின்னால் பொடியாக இரண்டு ஒளிந்திருக்கும், மீதி 22 கடைவாயில். பால்பல் எல்லாம் நம் கைக்கு வருமுன்பே விழுந்து முடிந்திருக்கும். அப்புறம் முளைப்பவை சாகும்வரை வளரும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர்.

அதைத் தேய்ப்பது புல். நார் நிறைந்த புல்லைத் தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி அரைத்தால்தான் கடைவாய் தேயும். கேரட்டும் தீவனமும் நாலு கடியில் நொறுங்கிவிடும். கட்டை கடிக்கக் கொடுத்தால் போதும் என்பார்கள். அதில் தேய்வது முன்பல் மட்டும். சாப்பாட்டில் பெரும்பங்கு காய்ந்த புல்லாக இருக்கட்டும். பச்சைக்கு, பிள்ளையார் கோயில் வாசலில் விற்கும் அருகம்புல்லே போதும், கழுவிப் போடுங்கள். குதிரைமசால் என்ற அல்ஃபால்ஃபா தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வளரும் குட்டிக்குச் சரி, ஆறேழு மாதத்துக்கு மேல் வேண்டாம்.

வாங்கும்போதே உதட்டைத் தூக்கிப் பாருங்கள். மேல்பல் கீழ்ப்பல்லுக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். முட்டிக்கொண்டு நின்றால் அது பெரும்பாலும் பிறவிக் கோளாறு, புல்லால் சரியாகாது.

நீண்ட பல்லை நகவெட்டியால் வெட்டுவதுதான் மகாத் தவறு. பல் நெடுக்காகப் பிளந்து வேர்வரை போகும், சீழ் கட்டும். மருத்துவர் அதை மிஷினால் ராவிக் குறைப்பார். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் சென்னையிலேயே இருக்கிறது. எங்கு போனாலும் முதலில், “முயல் பார்ப்பீர்களா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவர்கள் நிறைய.

கண்ணில் நீர் வடிந்தாலும் பல்லைச் சந்தேகியுங்கள். மேல்பல்லின் வேர் கண்ணீர்க் குழாயை ஒட்டியே இருக்கிறது. காலையில் தட்டில் புழுக்கை குறைந்து, புல்லும் தொடாமல் கிடந்தால் சாயங்காலம் வரை பொறுக்காதீர்கள். அரை நாள் பட்டினியிலேயே முயலின் குடல் நின்றுபோகலாம்.