காது கேளாத இளையோர் திட்டத்துக்கு மானியம் கேட்பது எப்படி: தென்னாப்பிரிக்கத் தமிழ்ச் சபைகளுக்கு

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கம் சனிக்கிழமை வகுப்பு நடத்தக் கோயில் மண்டபம் கிடைத்துவிடும், ஆளும் கிடைத்துவிடும். காது கேளாத பிள்ளைகளுக்கு என்று தொடங்கும்போதுதான் காசு இடிக்கிறது. கொடுக்க ஆள் இருந்தும் மனு திரும்பி வந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள்: சபையின் காகிதங்கள், பட்ஜெட்.

முதலில் விதிமுறைப் புத்தகம். நோக்கங்கள் என்ற பகுதியில் மொழி, சமயம், பண்பாடு மட்டும் இருந்தால், காது கேளாதோருக்கான மனு அங்கேயே நின்றுவிடும். பொதுக்கூட்டம் கூட்டி, ‘காது கேளாத, கேட்புத்திறன் குறைந்த பிள்ளைகள், இளையோரின் கல்வி, நலம், தொழிற்பயிற்சி’ என்று தீர்மானம் போட்டுச் சேருங்கள். சபை கலைந்தால் மிச்சச் சொத்து இதே நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குப் போகும் என்ற விதியும் இருக்க வேண்டும். பழைய சபைகள் பலவற்றில் இதுதான் விட்டுப்போயிருக்கும்.

லாப நோக்கற்ற அமைப்பாகச் சமூக மேம்பாட்டுத் துறையில் (1997ஆம் ஆண்டின் 71ஆம் எண் சட்டம்) பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. பதிவைக் காப்பாற்றுவதுதான் வேலை. நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள் கணக்கு எழுதி முடிக்க வேண்டும். அதற்கடுத்த 2 மாதத்துக்குள் கணக்கு அலுவலரின் அறிக்கை வாங்க வேண்டும். ஆண்டு முடிந்து 9 மாதத்துக்குள் எல்லாம் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். ஓரிரு வருடம் விட்டிருந்தால் பதிவேட்டில் தெரிந்துவிடும். மானியம் தருபவர் மனுவைப் படிப்பதற்கு முன்பே அதைத்தான் திறந்து பார்ப்பார். பாக்கி அறிக்கைகளை அனுப்பிவிட்டு மனுப் போடுங்கள்.

அடுத்தது சார்ஸ் என்ற வருமான வரித் துறை. வருமான வரிச் சட்டம் 30ஆம் பிரிவின்கீழ் பொதுநல அமைப்பு என்ற அங்கீகாரத்துக்கு ஈ.ஐ.1 படிவம். ஒருவருக்கொருவர் உறவில்லாத 3 பேராவது பொறுப்பேற்க வேண்டும். தலைவர், அவர் மனைவி, மைத்துனர் என்று கையெழுத்துப் போட்டால் எடுபடாது. நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் 18ஏ ரசீது இதிலிருந்து வேறான அனுமதி. சமயப் பணிக்கு 18ஏ கிடையாது. மாற்றுத்திறனாளிகள் நலப்பணிக்கு உண்டு. கோயில் சபையே இரண்டையும் நடத்தினால் நலப்பணிக்கு வந்த பணத்தைத் தனியாகக் கணக்கு வைக்க வேண்டும். அந்தப் பணம் தேர்த்திருவிழா பந்தலுக்குப் போனால் அனுமதியே பறிபோகும். தனி வங்கிக் கணக்கு திறப்பதே நல்லது.

யாரிடம் கேட்பது? தேசிய லாட்டரி ஆணையத்தில் 5 லட்சம் ராண்ட் வரையிலானவை சிறு மானியம். புதிய திட்டத்துக்கு அதற்குள் கேளுங்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. ‘நான் வாங்கித் தருகிறேன், சதவீதம் கொடுங்கள்’ என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கம்பெனிகளின் வழி வேறு. கறுப்பினப் பொருளாதார வலுவூட்டல் விதிகளில், வரி போன நிகர லாபத்தில் 1% சமூகப் பொருளாதார மேம்பாட்டுக்குச் செலவிட்டால் பெரிய கம்பெனிக்குப் புள்ளி கிடைக்கும். முழுப் புள்ளிக்குப் பயனாளிகளில் 75% கறுப்பினத்தவராக இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் இந்திய வம்சாவளிக் குடிமக்களும் அதில் சேர்த்தி. வேலைக்காகச் சமீபத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பொதுவாக அதில் வரமாட்டார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதினால் கதவு மூடும், எழுதவும் கூடாது. பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்புகளான உம்லாசி, குவாமாஷு பிள்ளைகளுக்கும் இதே தேவைதான். 18 வயது தாண்டியவர்களுக்குத் தொழிற்பயிற்சி என்றால், வருமான வரிச் சட்டத்தின் 12எச் பிரிவை மனுவில் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளியைப் பயிற்சி ஒப்பந்தத்தில் எடுக்கும் முதலாளிக்கு, தேசியத் தகுதிநிலை (படிப்பு, பயிற்சிகளுக்கான நாட்டின் தரவரிசை) 1 முதல் 6 வரை, வருடத்துக்கு 60,000 ராண்ட் வரிக்கழிவு உண்டு, முடித்தால் மேலும் உண்டு. கம்பெனியின் நிதி அதிகாரிக்குப் புரியும் மொழி இதுதான்.

இனி பட்ஜெட். பெரும்பாலான மனுக்கள் இங்கேதான் பிள்ளைகளைக் கைவிடுகின்றன. சாப்பாடு, பஸ், டி-ஷர்ட் எல்லாம் இருக்கும். சைகை மொழிபெயர்ப்பாளருக்குச் சல்லிக்காசு இருக்காது. 1 மணி நேரத்துக்கு மேல் போகும் நிகழ்ச்சிக்கு 2 பேர் வேண்டும். சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறாவிட்டால் கையும் மூளையும் சோர்ந்து சொல் தவறும். சனிக்கிழமை 3 மணி நேரம், வருடம் 36 வாரம், 2 பேர்: 216 மணி நேரம். மணிக்கு 450 ராண்ட் என்று வைத்தால் 97,200. பயணப்படி தனி. உங்கள் ஊர் விலையை எழுத்தில் வாங்கி இணையுங்கள். ஆசிரியரே காது கேளாதவராக, தென்னாப்பிரிக்கச் சைகை மொழியில் நேராகப் பாடம் நடத்தினால் இந்தச் செலவு பெரிதும் குறையும், பாடமும் நன்றாக ஏறும். அப்போது மொழிபெயர்ப்பாளர் விருந்தினருக்கும் பெற்றோர் கூட்டத்துக்கும் போதும்.

காது கேட்கும் கருவி போட்ட பிள்ளைகளுக்குப் பேட்டரி. பழுப்புத் தாள் ஒட்டிய 312 அளவு ஏறக்குறைய ஒரு வாரம் வரும். 20 பேர், இரண்டு காது, 52 வாரம்: 2,080 பேட்டரி, ஆறு ஆறாக வரும் அட்டையில் 347. தாளை உரித்த நிமிடத்திலிருந்தே தீரத் தொடங்கும், சூட்டிலும் கெடும் சாமான் இது. வருடத்துக்கும் சேர்த்து வாங்கி வெயில்படும் அலமாரியில் போடாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்குங்கள். வளரும் பிள்ளையின் காது அச்சு (கருவியைக் காதுக்குள் பொருத்தும் வார்ப்பு) சீக்கிரம் தளர்ந்து விசில் அடிக்கும். மாற்றக் காசு ஒதுக்குங்கள். டர்பன் புழுக்கத்துக்கு ஆளுக்கொரு ஈரம் உறிஞ்சும் டப்பாவும் வேண்டும். விலை அற்பம், கருவியைக் காக்கும். பெற்றோருக்கான சைகை வகுப்பையும் ஒரு வரியாகச் சேருங்கள். வீட்டில் யாருக்கும் சைகை தெரியாத பிள்ளை, சனிக்கிழமை கற்றதை வைத்துக்கொண்டு யாரிடம் பேசும்?

சைகை மொழி 2023 ஜூலை 19 முதல் நாட்டின் 12ஆவது ஆட்சிமொழி. இதை மனுவின் முதல் பக்கத்தில் எழுதி, நிர்வாகக் குழுவில் காது கேளாதவர் குறைந்தது இருவரை, வாக்குரிமையோடு சேர்த்துக் காட்டுங்கள். பிள்ளைகள் வரும் பள்ளியிலிருந்து, உதாரணமாக வி.என்.நாயக் அல்லது ஃபுல்டன் காது கேளாதோர் பள்ளி என்றால் அங்கிருந்து, ஆதரவுக் கடிதம் வாங்கி இணையுங்கள்.

பிள்ளைகளோடு பழகும் எல்லோர் பெயரையும், மொழிபெயர்ப்பாளர் உட்பட, குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் சரிபார்க்கப் படிவம் 30 அனுப்புங்கள். பதில் வர நாளாகும். மனுவோடு சேர்த்தே தொடங்குங்கள். கேட்புத்திறன் பற்றிய தகவல் தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் சிறப்புக் காப்புக்குரியது. 18 வயதுக்குட்பட்டவர் பெயர், படம், ஆடியோகிராம் (கேட்புச் சோதனை வரைபடம்) எதற்கும் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அறிக்கையில் ‘பிள்ளை 7’ என்று எண் போட்டு எழுதினால் போதும்.

லாட்டரிப் பணம் தவணையாக வரும். முதல் தவணைக்கான அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் அடுத்தது. அந்த இடைவெளியில் மொழிபெயர்ப்பாளர் சம்பளம் நின்றால் வகுப்பும் நின்றுவிடும். ஆகவே 3 மாதச் செலவை நன்கொடையாக முன்கூட்டியே திரட்டி வையுங்கள். ரசீதுகளை மாதாமாதம் பட்ஜெட் வரி எண் எழுதிக் கோப்பில் போடுங்கள். பயணக் காசைப் பேட்டரிக்கு மாற்ற வேண்டியிருந்தால், செலவு செய்வதற்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.