தூக்கத்துக்கு மூலிகை லோஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே மூலிகை லோஷன் செய்யக் கற்றுக்கொள்பவர்களுக்குக் கையைக் கழுவு, பாத்திரத்தைச் சுத்தமாக வை, அடுப்பைக் கவனி என்றெல்லாம் சொல்ல வேண்டியதே இல்லை. அதில் யாரும் தவறுவதில்லை. சறுக்குவது வேறு இடங்களில். அதுவும் ஆளுக்கு ஆள் மாறாமல், எல்லோரும் ஒரே இடங்களில். ஒரு காலத்தில் நானும் அங்கேயே சறுக்கியதால், அவர்கள் பொருட்களை மேசையில் எடுத்து வைக்கும்போதே எது எங்கே போய் முடியும் என்று தெரிந்துவிடுகிறது. எனவே எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிட்டு, காசையும் நேரத்தையும் சில சமயம் தோலையும் கெடுக்கிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

தண்ணீரைச் சேர்த்துவிட்டுப் பிரிசர்வேட்டிவை விட்டுவிடுவது

பிரிசர்வேட்டிவ் என்பது லோஷனில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள். இதைத்தான் நீளமாகச் சொல்லப் போகிறேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எரிச்சல் வருவது இதில்தான்.

லோஷன் என்பது எண்ணெயும் தண்ணீரும் கலந்தது. 100 கிராமில் பெரும்பாலும் 65 முதல் 80 கிராம் வரை தண்ணீர்தான். தண்ணீர் இருக்கும் இடத்தில் பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை மூன்றும் வளரும். வெறும் தண்ணீருக்குப் பதில் சீமைச்சாமந்தி (கமோமில்) கஷாயமோ கற்றாழை ஜெல்லோ ஊற்றினால், அவற்றுக்குச் சாப்பாடும் சேர்த்துப் பரிமாறியதாகிவிடும். செடியின் சர்க்கரையும் மற்றச் சத்துகளும் அதில் இறங்கியிருக்கும். “கஷாயத்தை நன்றாகக் கொதிக்க வைத்தேனே” என்பார்கள். கொதிக்கும்போது பெரும்பாலான கிருமிகள் சாகும், உண்மைதான். ஆனால் சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதிநீரையும் தாங்கிக்கொள்ளும். அப்புறம் கலக்கும் கரண்டியிலிருந்தும் டப்பாவிலிருந்தும் தினமும் உள்ளே போகும் விரலிலிருந்தும் புதிதாக வந்து சேருபவை தனி.

பிரிசர்வேட்டிவ் போடுங்கள் என்று சொன்னால், மறுபேச்சு இல்லாமல் கேட்பவர்கள் மிகக் குறைவு. நான்கு பதில்கள் தயாராக இருக்கும்.

முதலாவது, “வைட்டமின் ஈ போட்டிருக்கிறேன்.” வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும். அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சம்பந்தப்பட்ட விஷயம். கிருமிகளை அது ஒன்றும் செய்யாது.

இரண்டாவது, “லாவெண்டர் எண்ணெயே கிருமிநாசினிதானே?” ஆய்வகத் தட்டில் அப்படித் தெரியலாம். லோஷனில் கிருமிகள் வாழ்வது நீர்ப் பகுதியில். வாசனை எண்ணெயோ பெரும்பாலும் எண்ணெய்த் துளிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நீர்ப் பகுதியைக் காக்கும் அளவுக்கு அதை ஊற்றினால் தோல் தாங்காது.

மூன்றாவது, கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு. கடைகளில் விற்ற மாதிரிகளை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். கிருமியைத் தடுத்த மாதிரிகளில் அந்த வேலையைச் செய்தது உள்ளே இருந்த செயற்கைப் பொருட்கள்தான். அவை இல்லாத மாதிரி எதையும் தடுக்கவில்லை.

நான்காவது, “ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறேன்.” குளிர் வளர்ச்சியை மெதுவாக்கும், நிறுத்தாது. தினமும் வெளியே எடுத்து, விரலை விட்டு, மறுபடி உள்ளே வைக்கும் பொருளுக்கு அது சில நாள் அவகாசம் தரும், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, கைவேலையில் கெட்டிக்காரர். லாவெண்டர், சீமைச்சாமந்தி கஷாயத்தில் லோஷன் செய்து, அழகான சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்து, தூக்கம் வராமல் தவிக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார். “இயற்கையாகவே இருக்கட்டும் அக்கா” என்று பிரிசர்வேட்டிவை ஒதுக்கிவிட்டார். சில வாரங்களில் ஒரு டப்பாவை என்னிடம் கொண்டுவந்தார். திருகியதும் மூடி லேசாக ‘உஸ்’ஸென்றது. மூடியின் உள்வளையத்தில் இளஞ்சிவப்பாக ஒரு படலம். விரல் எடுத்த பள்ளத்தில் நீர் கசிந்து நின்றது. லாவெண்டர் வாசனைக்கு அடியில், ஈரத்துணியைச் சுருட்டி மறந்துபோன வாடை.

அந்த டப்பாவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பார்த்தாலே யாரும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். என் கவலையெல்லாம் மற்ற டப்பாக்கள். அவை வெள்ளை வெளேரென்று, வாசனையாக, ஒரு குறையும் தெரியாமல் இருந்தன. ஒரு கிராமில் கிருமிகள் லட்சக்கணக்கில் பெருகிய பிறகும் லோஷன் அப்படியே தோன்றலாம். கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். கெட்டுப்போன க்ரீம், லோஷன்களில் பிடிபடும் கிருமிகளில் சூடோமோனாஸ் ஏருஜினோசா முக்கியமானது. நல்ல தோலில் பெரும்பாலும் சும்மா இருக்கும். வெடிப்பிலோ சவரக் கீறலிலோ கண்ணிலோ புகுந்தால் சீழ்த் தொற்று வரை போகும். வயதானவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், குழந்தைகளுக்கு இன்னும் மோசம். தூக்கம் வராதவர்களுக்கென்று செய்யும் லோஷன் யார் கைக்குப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் முதியவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும்தான்.

அந்தக் குடும்பத்தில் ஒருவருக்குக் காலில் முடி வேர்களில் சீழ்க் கட்டிகள் வந்தன. மருத்துவர் லோஷனை நிறுத்தச் சொல்லி மருந்து கொடுத்தார். லோஷன்தான் காரணமா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் கொடுத்த டப்பாக்களை எல்லாம் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கினார் அந்தப் பெண்மணி. எண்ணெய், மெழுகு, டப்பா எல்லாம் போனது ஒரு பக்கம். அந்த நடை இருக்கிறதே, அது கொடுமை.

சரி, என்ன போடுவது? ஃபீனாக்ஸிஎத்தனாலும் எத்தில்ஹெக்ஸில்கிளிசரினும் சேர்ந்த கலவை ஆரம்பிப்பவர்களுக்குச் சுலபம். மொத்த எடையில் 1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய விதியும் ஃபீனாக்ஸிஎத்தனாலுக்கு 1 சதவீதத்தைத்தான் உச்சமாக வைத்திருக்கிறது. அது பிடிக்காதவர்களுக்குப் பென்சைல் ஆல்கஹாலும் டீஹைட்ரோ அசிட்டிக் அமிலமும் சேர்ந்தது இருக்கிறது. ஆனால் லோஷனின் பி.எச். (புளிப்பு, காரத் தன்மையைக் காட்டும் எண்) 6-க்குக் கீழே இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். சோடியம் பென்சோயேட் என்றால் 5-க்குக் கீழே போக வேண்டும். அதை அளக்கும் பி.எச். பட்டை இல்லாமல் இந்த இரண்டையும் தொடாதீர்கள். எதுவானாலும் லோஷன் 40 டிகிரி அளவுக்கு ஆறிய பிறகு சேர்த்து நன்றாகக் கலக்க வேண்டும். அழுக்காகச் செய்துவிட்டுப் பிரிசர்வேட்டிவ் காப்பாற்றும் என்றும் இருக்கக் கூடாது. சுத்தமான லோஷனைச் சுத்தமாகவே வைத்திருப்பது மட்டும்தான் அதன் வேலை.

மூலிகையின் குணம் வேண்டுமே என்றால் அதைத் தண்ணீரில் இறக்காமல் எண்ணெயில் இறக்குங்கள். தண்ணீருக்கு டிஸ்டில்டு வாட்டரே போதும்.

பிரிசர்வேட்டிவே கூடாது என்பவர்களுக்கும் ஒரு நேர்மையான வழி உண்டு. தண்ணீரே இல்லாத தைலமோ மெழுகுக் களிம்போ செய்யுங்கள். ஈரக் கை படாமல் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். ராத்திரி கால்களில் தேய்த்துவிட அதுவே நன்றாகத்தான் இருக்கிறது. லோஷனும் வேண்டும், பிரிசர்வேட்டிவும் வேண்டாம் என்பது மட்டும் நடக்காது.

கரண்டியால் அளப்பது

தராசு வாங்குங்கள்.

தேன்மெழுகை மட்டும் நம்புவது

தேன்மெழுகு லோஷனைக் கெட்டியாக்கும், ஆனால் தனியாக எண்ணெயையும் தண்ணீரையும் பிடித்து வைக்காது. செய்த அன்று ஜம்மென்று இருக்கும். கொஞ்ச நாளில் அடியில் தண்ணீர் நிற்கும். இரண்டையும் பிரியாமல் பிடித்து வைக்கும் பொருளுக்கு எமல்சிஃபையர் என்று பெயர்; எமல்சிஃபையிங் வாக்ஸ் என்றே கேட்டு வாங்க வேண்டும். நான் வழக்கமாகச் சொல்லும் கணக்கு 100 கிராமுக்கு இப்படி: தண்ணீர் 70.5, எண்ணெய் 18, எமல்சிஃபையிங் வாக்ஸ் 5, கிளிசரின் 4, பிரிசர்வேட்டிவ் 1, வாசனை எண்ணெய் 1, வைட்டமின் ஈ 0.5. முதல் முறையே இதை மாற்றிப் பார்க்க வேண்டாம்.

ஒன்று சூடு, ஒன்று ஆறியது

உருகிய எண்ணெய்க் கலவையில் ஆறிய தண்ணீரை ஊற்றினால் மெழுகு உடனே திப்பித் திப்பியாக உறையும். இரண்டையும் தனித்தனியாக 70-75 டிகிரிக்குக் கொண்டுவந்து, கொஞ்ச நேரம் அதே சூட்டில் வைத்திருந்து பிறகு சேருங்கள். ஹேண்ட் பிளெண்டரின் தலை முழுக்க மூழ்கியிருக்கட்டும், இல்லையென்றால் நுரைதான் மிஞ்சும். விட்டு விட்டு அடியுங்கள். ஆறும் வரை அவ்வப்போது கையால் கிளறுங்கள். சூடாக இருக்கும்போது பால் போல நீர்த்திருப்பதைப் பார்த்துப் பயந்து இன்னும் மெழுகு சேர்ப்பவர்கள் உண்டு. ஆறினால் தானே கெட்டியாகும்.

பச்சை மூலிகையை எண்ணெயில் ஊறப் போடுவது

பச்சை இலையிலும் பூவிலும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் எண்ணெயில் தங்கி, பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். உதிர்த்தால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்ததைத்தான் போட வேண்டும். அவசரம் என்றால் கொதிநீர் மேல் பாத்திரத்தை வைத்து, இளஞ்சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம். பொரியும் சத்தம் கேட்டால் சூடு அதிகம். மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். அடியில் தங்கும் தூளை ஆசைப்பட்டு வழிக்க வேண்டாம்.

வாசனை கூடினால் தூக்கம் கூடும் என்று நினைப்பது

கூடாது. தலைவலிதான் வரும். முழு உடம்புக்குத் தடவுவதில் வாசனை எண்ணெய் 1 சதவீதம் போதும், முதியவர்களுக்கு அதிலும் பாதி. துளிக் கணக்கு நம்பத் தகுந்ததல்ல. எண்ணெயின் தன்மையையும் பாட்டில் மூக்கையும் பொறுத்து ஒரு மில்லிக்கு 20 துளியும் வரலாம், 35 துளியும் வரலாம்.

பாதி காலியாகி, மூடி தளர்ந்து, ஜன்னல் ஓரத்தில் கிடந்த பழைய லாவெண்டர் எண்ணெய் இன்னொரு தொல்லை. அதிலுள்ள லினலூல் என்ற வாசனைப் பொருள் காற்றுப் பட்டுப் பட்டு மாறி, தோல் ஒவ்வாமையைத் தூண்டும் பொருளாகிவிடும். வாசனை நன்றாக இருக்கிறதே என்று அதைத் தீர்ப்பதற்காகவே லோஷன் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை வாசனைக்குக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். சீமைச்சாமந்தி ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, குறிப்பாகச் செவ்வந்தி வகைப் பூக்களின் மகரந்தம் ஆகாதவர்கள். பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெய் மனதுக்கு இதமானதுதான், ஆனால் அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கன்றிப்போகும். இரவில் தடவினாலும் காலையில் வெளியே போவீர்கள் அல்லவா? அப்படிக் கன்ற வைக்கும் பெர்காப்டன் என்ற பொருளை நீக்கிய வகை கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள்.

மெக்னீசியத்தைக் கொட்டுவது

தூக்கம் என்றாலே இப்போது மெக்னீசியம் என்கிறார்கள். மெக்னீசியம் குளோரைடு ஒரு உப்பு. பல எமல்சிஃபையர்கள் உப்பைத் தாங்காது. கலவை நீர்த்துப்போகும், அல்லது இரண்டாகப் பிரியும். கீறல் இருந்தால் எரியும். எரிச்சலோடு படுத்தவர் எங்கே தூங்குவது? தோல் வழியாகப் போதுமான அளவு உள்ளே போகிறது என்பதற்கும் வலுவான ஆதாரம் இல்லை. இதற்காக ஒரு நல்ல லோஷனைப் பாழாக்காதீர்கள்.

புதினா, கற்பூரம்

சில்லென்று இருப்பது வேறு, தூக்கம் வேறு. கைக்குழந்தை உள்ள வீட்டில் கற்பூரம் வேண்டவே வேண்டாம்.

அகல வாய் டப்பா

அழகுதான். பம்ப் பாட்டில் வாங்குங்கள்.

தூக்க மாத்திரை போல எதிர்பார்ப்பது

இதைத் தடவியதும் கண் சொருகும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். லாவெண்டர் வாசனையை வைத்து நடந்த ஆய்வுகளில் பல சிறியவை, தெரிந்த பலனும் மிதமானதே. லோஷனில் உதவுவது முக்கியமாக மெதுவாகத் தேய்த்துவிடுவதும், தினமும் அதே நேரத்தில் அதே வாசனை வருவதும்தான். ஆகவே எப்போது தடவுகிறோம் என்பதற்கும் பங்கு உண்டு. படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பு 40 முதல் 42.5 டிகிரி சூட்டு நீரில் குளித்தால் தூக்கம் சராசரியாகப் பத்து நிமிடம் சீக்கிரம் வருகிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான ஓர் அலசல் சொல்கிறது. வெந்நீர் பட்டதும் கை கால்களில் ரத்த ஓட்டம் கூடி, உடம்பின் உள்சூடு இறங்குவதுதான் காரணம். குளித்துத் துவட்டியதும், தோலில் ஈரப்பதம் இருக்கும்போதே லோஷனைத் தடவினால் அந்த ஈரமும் தோலில் தங்கும். கால் பாதத்திலிருந்து ஆரம்பியுங்கள். படுக்கையில் உட்கார்ந்துகொண்டு அவசரமாக அப்பிக்கொண்டால் போர்வைதான் பிசுபிசுக்கும்.

வாரக்கணக்கில் தூக்கமே இல்லையென்றால் மருத்துவரைப் பார்க்கட்டும். லோஷன் செய்பவர் வைத்தியம் பார்க்க வேண்டாம்.

பெயர் ஒட்டாமல் கொடுப்பது

செய்த தேதி, உள்ளே இருக்கும் எல்லாப் பொருட்கள், பிரிசர்வேட்டிவின் பெயர். மூன்றையும் எழுதி ஒட்டாமல் டப்பா கைமாறக் கூடாது. யாருக்காவது தடித்தால் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.