படுவான்கரைக்கு உதவி செய்ய வரும் மாணவர்களுக்கு

லண்டனிலும் கனடாவிலும் படிக்கிற பிள்ளைகள் லீவுக்கு மட்டக்களப்புக்கு வரும்போது, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக் கிராமங்களில் சுகாதார முகாம் வைக்கலாமா, படிப்பிக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வாருங்கள், ஆனால் இங்கே ஏற்கனவே வேலை செய்கிற குடும்பநல உத்தியோகத்தருக்கும் (மிட்வைஃப்) ரீச்சருக்கும் கைகொடுக்க வருகிறோம் என்ற எண்ணத்தோடு வாருங்கள்.

டிக்கெட் போடும்போதே அனுமதிக்கும் எழுதிவிடுங்கள். சுகாதாரம் என்றால் அந்தப் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு, பள்ளிக்கூடம் என்றால் அதிபருக்கும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும். வெல்லாவெளியோ கொக்கட்டிச்சோலையோ, எங்கே போனாலும் கிராம சேவகரிடமும் சொல்லுங்கள். நாளையும் பார்த்துப் போடுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் கிரான் பக்கம் பாதை வெள்ளத்தில் மூழ்கிவிடும். உங்கள் லீவு வரும் ஆடி, ஆவணியில் சிறுபோக நெல் அறுவடை, காலையில் முகாம் வைத்தால் ஆட்கள் வயலில் நிற்பார்கள், அதனால் பின்னேரம் வையுங்கள்.

மருத்துவ மாணவராக இருந்தாலும் நீங்களாக மருந்து கொடுக்கக் கூடாது, இலங்கை மருத்துவ சபையில் பதிந்த வைத்தியர் ஒருவர் கூட இருக்கவேண்டும். பிரஷர் பார்க்கலாம். பார்த்துக் கூடியிருந்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிளினிக் நாள் என்று துண்டில் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்த அம்மாவைப் பயப்படுத்தி அனுப்பியதுதான் மிச்சம்.

போன முறை ஒரு அம்மம்மா சொப்பிங் பையோடு வந்தார். கிளினிக் கொப்பி, பிரஷர் குளிசை, சீனி வருத்தக் குளிசை எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கிடந்தன, உறையில் எழுதியிருந்ததை அவருக்கு வாசிக்கத் தெரியாது. தாதி குளிசைகளைப் பிரித்துச் சொல்லச் சொல்ல, எங்களோடு வந்த ஒரு தங்கச்சி காலைக் குளிசை உறையில் சூரியனும் இரவுக் குளிசை உறையில் பிறையும் கீறிக் கொடுத்தாள். அம்மம்மா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எது எப்போது என்று தானே சொன்னார். அன்றைக்கு நடந்ததில் இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை என்பேன்.

பாம்புக்கடிக்கு என்ன செய்வது என்பதையும் செய்து காட்டுங்கள்: வெட்டக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து இலவச அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

படிப்பிக்கும்போது முழு வகுப்புக்கும் பேச்சு வேண்டாம், ஒருவருக்கு மூன்று நான்கு பிள்ளைகள் போதும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற வகுப்பிலும் பாடத்தை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு எழுத்துத் தெரியாமல் இருக்கிற பிள்ளை உண்டு. வரியின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து, இது என்ன என்று மெதுவாகக் கேளுங்கள், மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்காமல். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்பதை ஒரு கொப்பியில் தினமும் குறித்து, கடைசி நாள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள், நீங்கள் விட்ட இடத்திலிருந்து அவர் தொடரட்டும். உங்கள் தமிழ் கொச்சையாக இருந்தாலும் தமிழிலேயே பேசுங்கள்.

பெற்றாரைக் கேட்காமல் பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். அப்புறம், எப்போது திரும்பிப் போவீர்கள் என்பதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முன்பு ஒரு குழு சொல்லாமல் போய்விட்டது, அடுத்த திங்கள் சின்னதுகள் கேற்றடியில் கொப்பியோடு காத்துக்கொண்டு நின்றார்கள்.